புரோ லைசென்ஸ் எடுக்கும் முன்: எந்த மூலையில் நிற்கப் போகிறீர்கள்?

பிரிட்டனில் அமெச்சூராகக் குத்துச்சண்டை போடுகிறவர்களும், லைசென்ஸ் இல்லாத மேடைகளில் ஏறுகிறவர்களும், புரோ, அதாவது பணத்துக்கு மோதும் தொழில்முறை வீரர், ஆவதைப் பற்றி யோசிக்கும்போது முதலில் கேட்டுக்கொள்வது ‘நான் தேறுவேனா?’ என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் ஸ்பாரிங்கில், அதாவது ஜிம்மில் நடக்கும் பயிற்சிச் சண்டையில், கிடைத்துவிடும். அதைவிட முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டிக்கெட் விற்கிற மூலையில் நிற்கப் போகிறீர்களா, கூலி வாங்குகிற மூலையிலா?

லண்டன் பெத்னல் கிரீனில் உள்ள யார்க் ஹால் மாதிரியான சின்ன அரங்கில் ஓர் இரவுக்கு எட்டு, பத்து சண்டைகள் நடக்கும். பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் நிற்பவர் ஹோம் பாக்சர். அந்த ஊர்க்காரர், தன் ஆட்களுக்கு டிக்கெட் விற்றவர், வெல்வார் என்று எதிர்பார்க்கப்படுபவர். எதிரே நிற்பவர் அவே பாக்சர். ஜர்னிமேன் என்றும் சொல்வார்கள். தொகை பேசி வந்திருப்பார், டிக்கெட் விற்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. நான்கு, ஆறு ரவுண்டு சண்டைகளுக்குப் பிரிட்டனில் தனி நீதிபதிகள் கிடையாது, ரெஃபரி ஒருவரே புள்ளி போடுவார். நெருக்கமான ரவுண்டுகள் பெரும்பாலும் ஹோம் பாக்சர் பக்கம் சாய்வதை இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிவார்கள். இரண்டு மூலைக்கும் தேவைப்படும் திறமை வேறு, வருமானம் வேறு, உடம்பு தேயும் விதமும் வேறு. எது உங்களுக்கானது என்று தெரியாமல் லைசென்ஸ் வாங்குகிறவர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் காணாமல் போய்விடுகிறார்கள்.

முதலில் ஹோம் பாக்சரின் டிக்கெட் கணக்கைப் பார்ப்போம். நிகழ்ச்சியை நடத்தும் புரமோட்டர் மேடையும் அரங்கும் ஆம்புலன்ஸும் ஏற்பாடு செய்கிறார். உங்கள் எதிராளிக்கான பணம் உங்கள் டிக்கெட்டிலிருந்துதான் வர வேண்டும். ஓர் உதாரணம். 50 பவுண்டு வீதம் 80 டிக்கெட் விற்றீர்கள், 4,000 பவுண்டு. நான்கு ரவுண்டுக்கு வரும் எதிராளிக்கு 1,200, அவருடைய பயணம், நிகழ்ச்சிச் செலவில் உங்கள் பங்கு என்று இன்னொரு 1,500 போகட்டும். மிச்சம் 1,300. மேனேஜருக்கு 25 சதவீதம் என்றால் 325, கோச்சுக்கு 10 சதவீதம் என்றால் 130. கைக்கு வருவது 845. அந்த ஒரு சண்டைக்குப் பத்து வாரம் தயாரானீர்கள் என்றால் வாரத்துக்கு 85 பவுண்டுகூட இல்லை. ஜிம் கட்டணம், பெட்ரோல், சாப்பாடு, வரி எல்லாம் இதற்குப் பிறகு. அதே கணக்கில் 50 டிக்கெட்தான் விற்றது என்றால் 2,500 வரும், செலவு 2,700. மோதி ஜெயித்த பிறகு நீங்கள் 200 பவுண்டு கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் சண்டைக்கு எல்லோரும் வருவார்கள். வேலை செய்யும் இடத்து நண்பர்கள், மாமா, சித்தப்பா, பள்ளித் தோழர்கள் எல்லோரும். மூன்றாவது சண்டைக்கு அவர்களில் பாதிப் பேர் வருவதே பெரிது. ஒரு வருடத்தில் நான்கு முறை 50 பவுண்டு கொடுக்கச் சொல்லி அதே ஆட்களைக் கேட்க வேண்டும், அதுவும் பயிற்சி உச்சத்தில் இருக்கும் கடைசி இரண்டு வாரத்தில். பணம் வசூலிப்பது, உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது, கடைசி நேரத்தில் ‘வர முடியலை’ என்பவரைச் சமாளிப்பது எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். எதிராளி சண்டைக்கு மூன்று நாள் முன்னால் விலகிவிட்டால் வேறு ஆள் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: எதிராளி விலகினால் செலவு யார் தலையில், மேனேஜரின் சதவீதம் டிக்கெட் கமிஷனிலும் பிடிக்கப்படுமா, வருடத்துக்கு எத்தனை சண்டை உறுதி. மேனேஜரும் புரமோட்டரும் ஒரே ஆள் அல்லது ஒரே நிறுவனம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உங்களுக்காகப் பேரம் பேச வேண்டியவர் தன்னிடமே பேரம் பேசுகிறார் என்று அர்த்தம்.

இனி எதிர் மூலை. பீட்டர் பக்லி என்ற ஜர்னிமேன் 1989 முதல் 2008 வரை 300 சண்டை போட்டார். வென்றது 32, தோற்றது 256, சமன் 12. நசீம் ஹமீது மாதிரி பின்னாளில் உலகப் பட்டம் வென்றவர்களோடெல்லாம் மோதியவர். 2018இல் ஓய்வு பெற்ற கிறிஸ்டியன் லைட்டும் 300 சண்டை போட்டவர்தான், வென்றது வெறும் 12. இந்த எண்களைப் பார்த்து இவர்களுக்குச் சண்டை தெரியாது என்று நினைப்பவர்கள் ஒருமுறை இப்படி ஒருவரோடு ஸ்பாரிங் செய்து பார்க்கட்டும். தோளைச் சுருட்டி அடியை வாங்கும் விதம், கிளின்ச்சில் (எதிராளியைக் கட்டிப்பிடித்து நிற்கும்போது) கையைக் கட்டிப்போடும் விதம், ரவுண்டின் கடைசி இருபது நொடியை ஓட்டும் விதம் எல்லாம் வருடக்கணக்கில் கற்ற தொழில்.

அந்தத் தொழிலின் மையம், ரெஃபரி சண்டையை நடுவில் நிறுத்த விடாமல் பார்த்துக்கொள்வது. நிறுத்தப்பட்டாலோ நாக்அவுட் ஆனாலோ, லைசென்ஸ் தரும் பிரிட்டிஷ் பாக்சிங் போர்ட் ஆஃப் கன்ட்ரோல் என்ற வாரியம் குறைந்தது 28 நாள் இடைநிறுத்தம் போடும். மாதம் இரண்டு மூன்று சண்டை போட்டுப் பிழைப்பவருக்கு அது முழு மாத வருமானம். அதனால்தான் நல்ல ஜர்னிமேன்கள் புள்ளியில் தோற்பார்கள், விழ மாட்டார்கள். வருடத்துக்கு 20 சண்டை, தலா 1,200 என்றால் 24,000 பவுண்டு. 2025இன் குறைந்தபட்சக் கூலியில் முழுநேர வேலை பார்ப்பவருக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டு நாள் அவகாசத்தில் போன் வரும், எடை கொஞ்சம் கூடுதலான ஆளோடு மோத வேண்டியிருக்கும், தோல்வி முன்கூட்டியே எழுதப்பட்டதுபோல் இருக்கும். இதையெல்லாம் மனம் ஏற்குமானால் இது நேர்மையான வேலை. இதைத் தாழ்வாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இவர்கள் இல்லாவிட்டால் புதியவர்கள் யாருக்கும் தொழில் பழக இடமே இருக்காது.

லைசென்ஸ் இல்லாத மேடையிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பிரிட்டனில் இந்தச் சொல்லுக்குச் சட்டவிரோதம் என்று பொருள் இல்லை. வாரியத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே நடக்கிறது என்றுதான் பொருள். 1970களில் ராய் ஷாவும் லென்னி மெக்லீனும் மோதிக்கொண்ட சண்டைகள் இதைப் பிரபலமாக்கின. இப்போது இதற்குள் பல தரம் இருக்கிறது. எட்டு வாரம் பயிற்சி எடுத்து, 16 அவுன்ஸ் கிளவ்ஸும் ஹெட்கார்டும் போட்டு, இரண்டு நிமிட ரவுண்டு சண்டை போடும் அலுவலக ஊழியர்களின் ‘ஒயிட் காலர்’ ஒரு முனை. சின்ன கிளவ்ஸ், பெல்ட், பணம் என்று கிட்டத்தட்ட புரோ மாதிரியே நடத்தப்படுவது மறுமுனை.

அங்கே 15-0 (15 வெற்றி, தோல்வி இல்லை) என்று உங்களுக்கு ஒரு சாதனை இருந்தாலும், வாரியத்தின் கணக்கில் அது பூஜ்யம். எதிராளிகள் யார், அவர்களுடைய உண்மையான எடை என்ன, போன வாரம் எங்காவது விழுந்தார்களா என்பதற்கு எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேடு கிடையாது. ஓர் அமைப்பின் மேடையில் நாக்அவுட் ஆனவர் அடுத்த வாரம் இன்னொரு அமைப்பின் மேடையில் ஏறினால் தடுக்க ஆளில்லை. இது எதிராளிக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள். விழுந்தவர் நீங்களாக இருந்தால், மறுபடி ஏறாமல் உங்களைத் தடுப்பவரும் யாரும் இல்லை.

மருத்துவ ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மைக்கேல் வாட்சன் என்ற பிரிட்டிஷ் வீரரின் வழக்கைப் பார்த்தால் போதும். 1991 செப்டம்பர் 21 அன்று லண்டன் ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் கிறிஸ் யூபேங்குடன் நடந்த சண்டை கடைசி ரவுண்டில் நிறுத்தப்பட்டது. வாட்சன் மூளையில் ரத்தக் கசிவோடு சரிந்தார். உடனே சுவாசக் குழாய் பொருத்தி ஆக்ஸிஜன் கொடுக்கக்கூடிய ஏற்பாடு ரிங் பக்கத்தில் இல்லை. மூளை அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரவும் தாமதமானது. 40 நாள் கோமா, பல அறுவை சிகிச்சைகள். வாரியம் தன் கடமையில் தவறியது என்று 1999இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இன்று லைசென்ஸ் மேடையில் ரிங் ஓரமாகவே உயிர்காக்கும் கருவிகளும் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த மருத்துவர்களும் இருப்பதற்கும், அருகிலுள்ள மூளை அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு முன்கூட்டியே தகவல் போவதற்கும் பின்னால் அந்த வழக்கு இருக்கிறது. மூளையில் ரத்தம் கசிந்தால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. லைசென்ஸ் இல்லாத நிகழ்ச்சியில் இதில் எது இருக்கும், எது இருக்காது என்பது நடத்துகிறவரின் மனசாட்சியைப் பொறுத்தது. லைசென்ஸோடு உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பலன் இந்த ஏற்பாடுதான் என்பது என் உறுதியான கருத்து. சாதனைப் பட்டியலும் பணமும் அதற்குப் பிறகுதான்.

லைசென்ஸ் இல்லாத மேடையிலிருந்து நேராகப் புரோவுக்குத் தாவ வேண்டாம். முதலில் இங்கிலாந்து பாக்சிங் என்ற அமெச்சூர் சங்கத்தில் இணைந்த ஒரு கிளப்புக்குப் போங்கள். வெளியே போட்ட சண்டைகளை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்து அனுபவமில்லாதவரோடு மோதவிட்டால் ஆபத்து அவருக்கு, தெரியவந்தால் நடவடிக்கை உங்கள் மேல். உறுப்பினரான பிறகு சங்கத்துக்கு வெளியே மேடை ஏறுவதையும் நிறுத்திவிட வேண்டும். இரண்டு சீசனில் பத்துப் பதினைந்து சண்டை கிடைத்தால், இடதுகைக்காரர், உயரமானவர், ஓயாமல் முன்னால் வருகிறவர், பின்வாங்கி அடிப்பவர் என்று எல்லா வகையையும் பார்த்துவிடலாம். வாரியத்தின் வட்டாரக் குழு விண்ணப்பத்தைப் பார்க்கும்போது கேட்பதும் இந்தப் பின்னணியைத்தான்.

அமெச்சூராகவே தேசியப் போட்டிகளின் கடைசிச் சுற்றுகள் வரை போகிறவர் என்றால் அவசரமே வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை இருக்கிறது என்பது 2025 மார்ச்சில் உறுதியாகிவிட்டது. ஷெஃபீல்டில் இருக்கும் ஜிபி பாக்சிங் என்ற பிரிட்டிஷ் ஒலிம்பிக் அணிக்குள் போனால் பயிற்சி, மருத்துவம், உதவித்தொகை எல்லாம் உண்டு. ஆண்டனி ஜோஷுவா 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார், 2013 அக்டோபரில்தான் புரோ ஆனார். பதக்கத்தோடு வருகிறவருக்காக டிக்கெட்டை மற்றவர்கள் விற்பார்கள்.

அந்த உயரத்தில் இல்லாத, ஆனால் திறமையுள்ள பெரும்பான்மையினர் ‘தேறுவேனா’ என்பதை இப்படிச் சோதிக்கலாம். மூன்று நிமிட ரவுண்டாக ஆறு ரவுண்டு ஸ்பாரிங், இரண்டு ரவுண்டுக்கு ஒருமுறை களைப்பில்லாத புது ஆள். ஐந்தாவது ரவுண்டை வீடியோவில் பாருங்கள். ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) அடித்த கை தாடைக்குத் திரும்புகிறதா, இடுப்பளவில் நின்றுவிடுகிறதா? கயிற்றில் சாய்ந்து ஓய்வெடுக்கிறீர்களா? விலாவில் விழும் அடிக்கு முழங்கை இறங்குகிறதா? மூன்று ரவுண்டில் வேகத்தையும் எண்ணிக்கையையும் வைத்து ஜெயித்தவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். புரோவில் வெல்டர்வெயிட் எடைப் பிரிவு வரை கிளவ்ஸ் 8 அவுன்ஸ், அதற்கு மேல் 10. அமெச்சூரில் 10, 12 என்று பழகிய கைக்கு இது பெரிய மாற்றம். முன்பு கிளவ்ஸில் பட்டு நின்ற குத்து இப்போது இடைவெளியில் நுழைந்துவிடும். உங்கள் விரல் முட்டிகளுக்கும் மெத்தை குறைகிறது. கை எலும்பு ஒருமுறை முறிந்து சரியாகப் பொருந்தாமல் இருப்பவர்கள் எலும்பு மருத்துவரைப் பார்க்காமல் இந்தப் பக்கம் வரக் கூடாது. குத்தின் பலத்தை மட்டும் நம்பி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜர்னிமேன் சுருண்டு நின்று நான்கு ரவுண்டையும் வாங்கிக்கொள்வார். அப்போது புள்ளி சேர்க்க உங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

எடை எடுக்கும் முறையும் மாறுகிறது. அமெச்சூரில் சண்டை நாளிலேயே எடை பார்ப்பார்கள், புரோவில் பெரும்பாலும் முந்தைய நாள். ஒரு நாள் கிடைக்கிறதே என்று தண்ணீரை வற்றவைத்து இரண்டு பிரிவு கீழே இறங்குகிறவர்கள் உண்டு. உடம்பில் வற்றிய தண்ணீர் ஒரே நாளில் முழுதாகத் திரும்புவதில்லை, அந்த நிலையில் தலையில் வாங்கும் அடியின் ஆபத்து அதிகம். அமெச்சூரில் நின்ற எடைக்குப் பக்கத்திலேயே தொடங்குங்கள்.

லைசென்ஸ் எடுக்கும் வழி இது. உங்கள் பகுதிக்கான வட்டாரக் குழுவின் செயலாளரிடம் விண்ணப்பப் படிவங்களை வாங்க வேண்டும். லைசென்ஸ் உள்ள மேனேஜரும் கோச்சும் வேண்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும். முழு உடல் பரிசோதனை, கண் பரிசோதனை, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனைகள், மூளைக்கு எம்ஆர்ஐ, முதல் முறை என்பதால் மூளையின் ரத்தக் குழாய்களைப் பார்க்கும் எம்ஆர்ஏ. இவற்றுக்குப் பிறகு குழுவின் முன் நேர்காணல், ஜிம்மில் உங்கள் திறமையைப் பார்க்கும் மதிப்பீடு.

இதைச் செய்யும் வரிசை முக்கியம். தனியார் ஸ்கேனுக்குச் சில நூறு பவுண்டு ஆகும், அதனால் பலர் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அதற்குள் வேலையில் நேரத்தைக் குறைத்திருப்பார்கள், அறிமுகச் சண்டைக்குத் தேதி பேசி டிக்கெட்டும் விற்றிருப்பார்கள். எந்தத் தொந்தரவும் தராமல் பிறவியிலிருந்தே மூளை உறையில் இருக்கும் ஒரு நீர்க்கட்டி ஸ்கேனில் தெரியவந்து, லைசென்ஸ் மறுக்கப்படுவது உண்டு. சாதாரண வாழ்க்கைக்கு அது ஒன்றுமே இல்லை, குத்துச்சண்டைக்கு ஆபத்து. ஆகவே செலவு குறைவான கண் பரிசோதனை முதலில். கண்ணில் லேசர் அல்லது வேறு அறுவை சிகிச்சை செய்திருந்தால் அதை அப்போதே சொல்லிக் கேட்டுவிடுங்கள். அடுத்து ஸ்கேன், வாரியம் கேட்கும் முறையிலேயே. பிறகு உடல் பரிசோதனை. ரத்தப் பரிசோதனை முடிவு பழசாகிவிடும் என்பதால் அது கடைசியில். ஸ்கேன் ஒருமுறையோடு முடிவதில்லை, ஒவ்வொரு வருடமும் எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் வருடக் கணக்கில் சேருங்கள்.

மறுக்கப்பட்டால் வேறு நாட்டு லைசென்ஸில் ஏறலாம் என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். 2012இல் டேவிட் ஹேயும் டெரெக் சிசோராவும் லண்டன் அப்டன் பார்க்கில் லக்சம்பர்க் சங்கத்தின் அனுமதியில் மோதினார்கள் என்பதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அங்கே பிரச்சினை ஒழுங்கு நடவடிக்கை. உங்களுக்கு மறுத்த காரணம் மூளை ஸ்கேன் என்றால் எந்த நாட்டு லைசென்ஸும் அந்த மூளையை மாற்றித் தராது.

தமிழ் வாசகர்களுக்கென்று இரண்டு விஷயம். பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ கோச்சாகவோ வேலை செய்யக் கூடாது. குடும்பத் துணையாக வந்தவர்களின் விசாவிலும் பெரும்பாலும் இதே தடை இருக்கும். அமெச்சூராகப் போட்டியிடலாம், பணத்துக்கு ஒரே ஒரு சண்டை போட்டாலும் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். ‘லைசென்ஸ் இல்லாத சண்டைதானே, யாருக்குத் தெரியும்’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கையில் பணம் வாங்கினால் அந்த வாதம் நிற்காது.

இந்தியாவிலிருந்து கிளம்ப நினைப்பவருக்கு நிலைமை வேறு. அங்கே ரயில்வே, ராணுவம், காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலையால் அமெச்சூர் வாழ்க்கைதான் நிலையான வருமானம். பெய்ஜிங் 2008 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங், 2015இல் பிரிட்டிஷ் புரமோட்டர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அந்த அக்டோபரில் மான்செஸ்டரில் முதல் புரோ சண்டையை வென்றார். அப்போது அவர் ஹரியானா காவல்துறையில் டிஎஸ்பியாக இருந்தார். அரசு வேலையில் இருந்துகொண்டு புரோ ஆகலாமா என்பது நீதிமன்றம் வரை போனது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவருக்கே அந்தச் சிக்கல் வந்தது. மாநில அளவில் வென்று வேலை வாங்கியவர், துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

பிரிட்டனில் வேலை பார்ப்பவரும் இதே மாதிரி முதலாளியிடம் கேட்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்ல வேண்டும். புரோ பாக்சிங்கை மறைத்து எடுத்த ஆயுள் காப்பீடு, தேவைப்படும்போது குடும்பத்துக்குக் கை கொடுக்காமல் போகலாம். சண்டைப் பணம் சுயதொழில் வருமானம். வரி ஆண்டில் மொத்த வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5க்குள் வரித்துறையில் பதிவு செய்ய வேண்டும். ஸ்கேன், லைசென்ஸ், பயண ரசீதுகளை முதல் நாளிலிருந்தே எடுத்து வையுங்கள். வேலையை விடுவதைப் பற்றி லைசென்ஸ் கைக்கு வந்து, மூன்று சண்டை முடிந்து, மூன்றாவது சண்டைக்கு எத்தனை டிக்கெட் விற்றது என்று பார்த்த பிறகு பேசலாம்.